சேதராப்பட்டுக்கு ஒரு புத்தகம்!

புதுவையில் இருந்து மயிலம் போகும் சாலையில் சேதராப்பட்டு இருக்கிறது. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். ஊரைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. வானூர் வட்டம் வந்து விடும். இந்தப் பக்கத்து மோட்டார் சைக்கிளுக்குப் புதுவை நம்பர். அந்தப் பக்கத்து மோட்டார் சைக்கிளுக்குத் தமிழ்நாட்டு நம்பர். பேச்சு மட்டும் ஒரே பேச்சு.

இந்த ஊரில் பிப்டிக் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆகவே வெளியூர்க்காரர்களுக்குச் சேதராப்பட்டு என்றதும் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். பிள்ளைகள் பிளஸ்-2 முடித்ததும் பெற்றோர் முதலில் பார்ப்பதும் அந்தத் தொழிற்சாலைக் கேட்டைத்தான். அதில் தவறு இல்லை. உழைத்துச் சாப்பிடும் வேலை எதுவும் தாழ்ந்தது அல்ல.

ஆனால் வேறு ஒரு கதவும் இருக்கிறது. அதற்கு வாட்ச்மேன் கிடையாது. நுழைவதற்குச் சீட்டும் கிடையாது. ஆங்கிலம் தெரியாதவர்கள்தான் அதன் முன்னால் தயங்கி நிற்கிறார்கள்.

என்ன கதவு அது?

வலைப்பக்கம் அமைக்கும் தொழில்!

உடலும் உடையும்

வலைப்பக்கம் என்பது மாயம் ஒன்றும் அல்ல. செல்போனில் பத்தாம் வகுப்பு முடிவு பார்க்கிறோம். ரெயில் நேரம் பார்க்கிறோம். விரலால் தொட்டதும் கண் முன்னால் விரிகிறதே, அதுதான் வலைப்பக்கம்.

அதற்கு உடல் உண்டு. உடையும் உண்டு.

"இது தலைப்பு, இது பத்தி, இது படம்" என்று பிரித்துச் சொல்வது உடல். அதற்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். தலைப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், என்ன நிறத்தில் இருக்க வேண்டும், படத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், சிறிய செல்போனில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது உடை. அதற்கு சி.எஸ்.எஸ். என்று பெயர்.

உடை இல்லாத பக்கத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வெள்ளைத் தரை. கறுப்பு எழுத்து. மேலே இருந்து கீழே ஒரே வரிசை. பூச்சு வேலை நடக்காத செங்கல் வீடு மாதிரி.

தொடக்கத்தில் எல்லாப் பக்கங்களும் அப்படித்தான் இருந்தன. சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகருக்குப் பக்கத்தில் செர்ன் என்ற அணு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர், 1989-ம் ஆண்டு வலைக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். ஆராய்ச்சியாளர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதற்காக வந்த ஏற்பாடு அது. படிக்க முடிந்தால் போதும், அழகு எதற்கு என்று இருந்து விட்டார்கள்.

பிறகு பொதுமக்கள் வந்தார்கள். வியாபாரிகள் வந்தார்கள். பத்திரிகைகள் வந்தன. "என் பக்கம் நான் நினைத்தபடி தெரிய வேண்டும்" என்று எல்லோரும் கேட்டார்கள்.

அதற்கு வழி சொன்னவர் நார்வே நாட்டுக்காரர். பெயர் ஹோகன் வியூம் லீ. அவரும் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர்தான். 1994-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி அவர் தன் யோசனையை வெளியிட்டார். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்து கொண்டார். 1996-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி முதல் விதித்தொகுப்பு வெளிவந்தது. உலகம் முழுவதும் வலைப்பக்கங்கள் இன்று உடுத்தி இருப்பது அந்த ஏற்பாட்டின்படிதான்.

அதில் என்ன சிறப்பு?

ஒரு பள்ளிக்கூடத்தின் வலைத்தளத்தில் 100 பக்கங்கள் இருக்கின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். எல்லாத் தலைப்பும் நீலம். தலைமை ஆசிரியர், "பச்சையாக மாற்று" என்கிறார். பழைய முறையில் 100 பக்கத்தையும் திறந்து, ஒவ்வொரு தலைப்பையும் மாற்ற வேண்டும். புதிய முறையில் உடையைப் பற்றிய விதிகள் எல்லாம் ஒரு தனித் தாளில் இருக்கும். அங்கே ஒரு வரியை மாற்றினால் போதும். 100 பக்கமும் பச்சை!

ஒரே பொருளுக்கு இரண்டு விதிகள் வந்தால்? அதற்கும் முறை இருக்கிறது. பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒரே சீருடை. அது பொது விதி. விளையாட்டுக் குழுவுக்கு மட்டும் வேறு பனியன். அது குழுவின் விதி. பிறந்த நாள் கொண்டாடும் பிள்ளைக்கு அன்று மட்டும் புதுச் சட்டை. அது தனி ஆளின் விதி. பொது விதியைக் குழு விதி வெல்லும். குழு விதியைத் தனி விதி வெல்லும். சி.எஸ்.எஸ். நடப்பதும் இதே முறையில்தான். இது புரியாதவர்களே, "நான் சிவப்பு என்று எழுதினேன், அது ஏன் நீலமாகவே இருக்கிறது?" என்று தலையைப் பிய்த்துக் கொள்வார்கள்.

வீடும் மதிலும் சந்தும்

வலைப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு பெட்டி. அதை ஒரு வீட்டு மனையாக நினைத்துக் கொள்ளலாம்.

நடுவில் வீடு. அதுதான் எழுத்தும் படமும். வீட்டைச் சுற்றி உள்ள வாசல் இடத்துக்குப் பேடிங் என்று பெயர். அதைச் சுற்றி உள்ள மதில் பார்டர். மதிலுக்கு வெளியே, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே உள்ள சந்து மார்ஜின்.

இவ்வளவுதானா என்று கேட்டு விடாதீர்கள். இங்கேதான் வில்லங்கம்! மனை என்றால் வில்லங்கம் இல்லாமல் இருக்குமா?

"அகலம் 300" என்று எழுதுகிறோம். அது வீட்டின் அகலமா? மதிலையும் சேர்த்த அகலமா? விதிப்படி அது வீட்டின் அகலம் மட்டும். வாசலும் மதிலும் தனிக் கணக்கு. ஆனால் 1990-களில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மதிலையும் சேர்த்து அளந்தது. ஒரே பக்கம், பார்க்கும் கருவிக்கு ஏற்ப வேறு வேறு அளவில் தெரிந்தது. தொழில் செய்தவர்கள் அழாத குறை. பிறகு, எப்படி அளக்க வேண்டும் என்பதை நாமே சொல்லும் வசதி வந்தது. இன்று பலரும் மதிலோடு சேர்த்தே அளக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. மேல் வீட்டுக்காரர் தன் வீட்டுக்குக் கீழே 10 அடி சந்து விட்டார். கீழ் வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு மேலே 20 அடி விட்டார். மொத்தம் 30 அடி இருக்க வேண்டும் அல்லவா? இல்லை! 20 அடிதான். மேலும் கீழுமாக அடுக்கிய சாதாரணப் பெட்டிகளில் பெரிய சந்து சிறிய சந்தை விழுங்கி விடும். பக்கவாட்டில் விழுங்காது.

எழுத்துக்கூட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நிறம் என்பதற்கு ஆங்கிலத்தில் கலர். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை "யூ" எழுத்துப் போட்டுப் படித்திருப்பார்கள். இங்கே "யூ" போட்டால் வேலை நடக்காது. இது அமெரிக்க எழுத்துக்கூட்டு. "தப்பு" என்று கம்ப்யூட்டர் சொல்லவும் சொல்லாது. பேசாமல் இருந்து விடும். நன்றாகப் படித்த பிள்ளை, இந்த ஓர் எழுத்தால் ஒரு நாள் முழுவதும் திண்டாடும்.

இதை எல்லாம் ஒருவர் எப்படி நினைவில் வைத்துக் கொள்வது?

வைத்துக் கொள்ள வேண்டாம்! அதற்குத்தான் புத்தகம் வேண்டும் என்கிறோம்.

பஞ்சாங்கம் மாதிரி

புத்தகத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படிப்பது. மற்றொன்று, வேண்டிய போது எடுத்து, வேண்டியதை மட்டும் பார்த்து விட்டு மூடி வைப்பது.

பஞ்சாங்கத்தை யாராவது கதை மாதிரி படிப்பார்களா? கல்யாணம் என்றால் முகூர்த்த நாள் பார்ப்போம். ஊருக்குப் போவது என்றால் ராகு காலம் பார்ப்போம். ஆணியில் மாட்டி விடுவோம். எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்பது வீட்டில் உள்ள பாட்டிக்குத் தெரியும்.

வலைப்பக்கத்தின் உடைக்கும் அப்படி ஒரு பஞ்சாங்கம் வேண்டும். "பேடிங்" என்று தேடினால், அது என்ன செய்யும், எப்படி எழுத வேண்டும், எங்கே ஏமாற்றும், ஒரு சின்ன உதாரணம்! அவ்வளவு இருந்தால் போதும். இதில் விதிச் சொற்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அன்றாட வேலைக்கு ஐம்பது அறுபது தெரிந்தால் ஓரளவு சமாளிக்கலாம். மற்றவற்றை அனுபவசாலிகளும் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். பார்த்து எழுதுவது இங்கே காப்பி அடிப்பது ஆகாது. அதுதான் தொழில் முறை.

அமெரிக்காவில் எரிக் மேயர் என்பவர் இந்தத் துறைக்கு ஒரு பெரிய கையேடு எழுதினார். முதல் பதிப்பு 2000-ம் ஆண்டு வந்தது. விதிகள் பெருகப் பெருகப் புத்தகமும் பெருத்தது. பின்னர் வந்த பதிப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டி விட்டது. பாக்கெட்டில் வைத்துக் கொள்ளும்படி ஒரு சிறிய கையேடும் அவர் எழுதினார். உலகம் எங்கும் எத்தனையோ பேர் அவருடைய புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு தொழில் கற்றார்கள்.

அவர் வீட்டில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்.

ரெபெக்கா நிறம்

எரிக் மேயருக்கு ரெபெக்கா என்று ஒரு பெண் குழந்தை. வீட்டில் "பெக்கா" என்று கூப்பிடுவார்கள். குழந்தைக்கு மூளையில் புற்றுநோய் வந்து விட்டது.

அந்தக் குழந்தை ஒன்று சொல்லி வைத்திருந்தாள். பெக்கா என்பது சின்னப் பாப்பாவின் பெயராம். தனக்கு 6 வயது ஆகி விட்டால் பெரிய பெண்ணாம். அன்று முதல் ரெபெக்கா என்றுதான் கூப்பிட வேண்டுமாம்!

2014-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி அவளுடைய ஆறாவது பிறந்த நாள். அன்றே அவள் இறந்து விட்டாள். சுமார் 12 மணி நேரம்தான் அவள் 6 வயதுப் பெண்ணாக இருந்தாள்.

அவளுக்கு ஊதா நிறம் பிடிக்கும். வலைப்பக்கம் அமைக்கும் தொழிலில் உள்ளவர்கள் கூடி, ஓர் ஊதா நிறத்துக்கு அவள் பெயரை வைக்க வேண்டும் என்றார்கள். தகப்பனார் ஒன்றே ஒன்று கேட்டுக் கொண்டார். "பெக்கா என்று வைக்காதீர்கள். ரெபெக்கா என்று வையுங்கள். அவள் 6 வயதை எட்டி விட்டாள்" என்பதே அது.

அப்படியே செய்தார்கள். அந்த மாதமே அது விதித்தொகுப்பில் சேர்ந்தது. இன்று உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் "ரெபெக்கா பர்ப்பிள்" என்று எழுதினாலும் அந்த ஊதா நிறம் வரும். எண்ணால் எழுத வேண்டும் என்றால் 663399.

விதி, குறியீடு, எண் என்றதும் பயந்து ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விதித் தாள்களை எழுதியவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான்.

பெயர் சொல்லி எழுதக்கூடிய நிறங்கள் மொத்தம் 148. அதில் இண்டிகோ உண்டு. நம் ஊர் அவுரி நீலம்தான் அது! ஒரு காலத்தில் புதுவையில் நீலச் சாயம் தோய்த்த துணி, கப்பல் ஏறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. எண்ணால் எழுதினால் கிடைக்கும் நிறங்கள் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216. புடவைக் கடைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்!

தமிழுக்குத் தனிக் குறிப்பு

ஆங்கிலத்தில் இவ்வளவு புத்தகம் இருக்கும் போது தமிழில் எதற்கு என்று கேட்கலாம்.

ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த மொழியில் படித்தால் சீக்கிரம் புரியும். இன்னொரு காரணம் பலரும் நினைக்காதது. தமிழ் எழுத்தை உடுத்துவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். அதை ஆங்கிலப் புத்தகம் சொல்லாது.

தமிழ் எழுத்துக்கு மேலே கொம்பு உண்டு. கீழே சுழி உண்டு. "கி" மேலே போகும். "கு" கீழே வரும். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கமாக இருக்கும். மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டிக் கொள்ளும். எழுத்தின் அளவைப் போல் 1.6 அல்லது 1.7 மடங்கு வரி உயரம் கொடுத்தால் கண்ணுக்குச் சுகமாக இருக்கும் என்பது நம் கருத்து.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "கொண்டிருக்கிறார்கள்" என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் அது மூன்று சொல்லாகப் பிரியும். செல்போன் திரையோ கையளவு அகலம். பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டால் சொல்லின் வால் திரைக்கு வெளியே போய் விடும். சொல்லை எங்கே மடிப்பது என்று விதி எழுத வேண்டும்.

எழுத்து வடிவமும் அப்படியே. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். இது கிடைக்காவிட்டால் அது, அதுவும் கிடைக்காவிட்டால் இன்னொன்று என்று வரிசையாக எழுதி வைக்க வேண்டும். ஆங்கிலக் கையேட்டில் உள்ள வரிசையில் தமிழ் எழுத்துருவின் பெயர் எங்கே இருக்கும்?

இது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. முதியோர் பென்ஷன் விவரம் வலைப்பக்கத்தில் வருகிறது. சான்றிதழுக்கு மனுப் போடுவதும் வலைப்பக்கத்தில்தான். எழுத்து எறும்பு மாதிரி இருந்தால், வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தால், பட்டன் செல்போன் திரைக்கு வெளியே போய் விட்டால், படிக்கத் தெரிந்தவரும் படிக்க முடியாதவர் ஆகி விடுகிறார். பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், பணம் கொடுத்து, "தம்பி, இதைப் பார்த்துச் சொல்லுப்பா" என்று நிற்கிறார். எழுத்து நிறத்துக்கும் தரை நிறத்துக்கும் குறைந்தது நாலரைக்கு ஒன்று என்ற அளவில் வேறுபாடு இருக்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக் கொண்ட அளவு. அதைக் கவனித்து விதி எழுதுகிற கை, அந்தக் கிழவரின் பேத்தியின் கையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தமிழிலும் வந்தது

தமிழில் இப்படிப் புத்தகமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருக்கிறது.

கணினித் துறையைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று 2012-ம் ஆண்டு "கணியம்" என்ற மின் இதழைத் தொடங்கினார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த து. நித்யா, "எளிய தமிழில்" என்ற வரிசையில் பல புத்தகங்கள் எழுதினார். உடலைப் பற்றி "எளிய தமிழில் எச்.டி.எம்.எல்." உடையைப் பற்றி "எளிய தமிழில் சி.எஸ்.எஸ்." விலை ஒரு காசு கிடையாது. 2013-ம் ஆண்டு தொடங்கிய இலவசத் தமிழ் மின்நூல் திட்டத்தின் மூலம் அவர்களுடைய நூல்கள் யாருக்கும் கிடைக்கின்றன. "எடுத்துக் கொள்ளுங்கள், பிரதி எடுங்கள், மற்றவர்களுக்கும் கொடுங்கள்" என்று உரிமையும் கொடுத்து விட்டார்கள். எழுதியவர் பெயரை மறைக்கக் கூடாது. அது நியாயம்தானே!

சம்பளம் வாங்கிக் கொண்டு செய்ய வேண்டிய அமைப்புகள் சும்மா இருந்த போது, தனி ஆட்கள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்துச் செய்த வேலை இது. பாராட்ட வேண்டும். ஆனால் பாராட்டி விட்டு நாம் தூங்கி விடக் கூடாது.

ஏன் என்றால், மின்நூல் இருக்கிறது என்பதே சேதராப்பட்டுப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தாலும், ஒரே செல்போனில் புத்தகத்தையும் பார்த்து, அதிலேயே விதியும் எழுதிப் பழக முடியாது. கண்ணில் படும் இடத்தில், கையில் எடுக்கும்படி, காகிதத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. இந்தத் துறையில் விதிகள் வளர்ந்து கொண்டே இருக்கின்றன. பக்கத்தைக் கோலப் புள்ளி மாதிரி கட்டம் கட்டிப் பிரிக்கும் "கிரிட்" என்ற முறை, 2017-ம் ஆண்டில்தான் எல்லாப் பெரிய பிரவுசர்களுக்கும் வந்தது. அதற்கு முன்னால் எழுதிய புத்தகம், எந்த மொழியில் இருந்தாலும், இன்று பாதிப் புத்தகம். ஆண்டு தோறும் பஞ்சாங்கம் புதிதாக வருகிறது அல்லவா? இதுவும் அப்படி வர வேண்டும். மொசில்லா நிறுவனம் நடத்தும் பெரிய இலவச அகராதி ஒன்று கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. 2005-ம் ஆண்டு முதல் நடக்கிறது. அதை பிரெஞ்சு மொழியில் படிக்கலாம். ஜப்பான் மொழியில் படிக்கலாம். கொரிய மொழியில் படிக்கலாம். புதுவையை விட்டுப் போன பிரெஞ்சுக்காரரின் மொழிக்கு உண்டு. புதுவையிலேயே இருக்கிறவர்களின் மொழிக்கு இல்லை!

சிலர் சொல்வது

"இப்போது அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. வந்து விட்டதே, பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே படிக்கட்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். புதுவையில் 2023-24 கல்வி ஆண்டில் உயர் வகுப்புகளுக்கும் அந்தப் பாடத்திட்டம் வந்தது உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் பாடம் நடப்பது வேறு. ஆங்கிலத்தில் புரிவது வேறு. அன்றியும், தமிழில் படித்து முடித்து விட்ட அக்காளும் அண்ணனும் வீட்டில் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

"கம்ப்யூட்டரே எல்லாம் எழுதிக் கொடுத்து விடுகிறது, படிப்பானேன்?" என்பது புதிய பேச்சு. செயற்கை அறிவு விதி எழுதித் தருகிறது. மறுக்கவில்லை. ஆனால் ரெடிமேட் சட்டை வாங்கினாலும் தோள் சரியாக இருக்கிறதா, கை நீளமா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அது எழுதியதில் எந்த வரி தவறு என்று கண்டுபிடிக்கிறவருக்குத்தான் கூலி. கண்டுபிடிக்க வேண்டும் என்றால் விதி தெரிய வேண்டும்.

வேலை கிடைக்குமா? இதற்கு நேராகவே பதில் சொல்லி விடுவோம். இந்தப் புத்தகத்தை மட்டும் படித்தால் மறுநாள் வேலை கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அடுத்து அவர் பணம் கேட்பார். கொடுக்காதீர்கள்! உடலும் உடையும் தெரிந்த பிறகு, பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவா ஸ்கிரிப்ட் என்பதையும் படிக்க வேண்டும். ஓர் ஆண்டு பொறுமையாகப் பழக வேண்டும். கையில் நாலு பக்கம் செய்து வைத்துக் காட்ட வேண்டும். அதற்குள் உள்ளூரிலேயே வேலை இருக்கும். கோவில் திருவிழா அறிவிப்பு, பால் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊறுகாய், கல்யாண மண்டபம். தொழிற்பேட்டையில் உள்ள சிறிய கம்பெனிக்கும் வலைப்பக்கம் வேண்டும்.

பழகுவதற்குச் செலவு என்ன? பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதில் இருக்கும் நோட்பேட். ஒரு பிரவுசர். அவ்வளவுதான். இன்டர்நெட் கூட வேண்டாம்! நோட்பேடில் எழுதிச் சேமித்து, பிரவுசரில் திறந்தால் பக்கம் தெரியும். நிறத்தை மாற்றி எழுதி, மறுபடி திறந்தால் நிறம் மாறி இருக்கும். இன்டர்நெட் இருந்தால் கூடுதல் வசதி ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்தையாவது திறந்து எப்-12 என்ற பொத்தானை அழுத்துங்கள். அந்தப் பக்கம் உடுத்தி இருக்கும் உடையின் விதிகள் எல்லாம் தெரியும். பக்கத்து வீட்டுக் குழம்பின் பக்குவத்தை அடுப்படிக்கே போய்ப் பார்ப்பது மாதிரி!

பாகூர் செப்பேடு

நம் கோரிக்கை பெரிது அல்ல. எவ்வளவு சிறிது என்று தெரிய வேண்டுமானால் பாகூரைப் பாருங்கள்.

பாகூரில் 9-ம் நூற்றாண்டில் ஒரு கல்விக்கூடம் இருந்தது. அப்போது ஆண்டவன் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ மன்னன். அந்தக் கல்விக்கூடம் நடப்பதற்காக 3 ஊர்களைத் தானமாக எழுதி வைத்தார்கள். செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். அந்தச் செப்பேடு கிடைத்து, அச்சிலும் வந்திருக்கிறது. அங்கே நடந்தது வடமொழிப் படிப்பு. எல்லோருக்கும் திறந்த கதவும் அல்ல. ஆனாலும், படிப்புக்கு என்று 3 ஊர்களின் வருமானத்தையே ஒதுக்கினார்கள்!

புதுவை நகரத்தில் 1827-ம் ஆண்டே நூல்நிலையம் வந்து விட்டது. இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் இருப்பது அதுதான். நகரத்துக்கு வந்தது கிராமத்துக்கும் வர வேண்டாமா?

3 ஊர் வேண்டாம். 3 பிரதி போதும்!

தமிழில் வந்திருக்கும் இந்தப் புத்தகங்களை, எழுதியவர்களையே வைத்து இன்றைய விதிகளுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். கடைசியில் அகர வரிசைப் பட்டியல் சேர்க்க வேண்டும். தமிழ் எழுத்துக்கு என்று ஓர் அத்தியாயம் எழுதிச் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும். எத்தனை நாளைக்குத்தான் தமிழுக்குச் செய்வதை எல்லாம் இலவசமாகவே வாங்கிக் கொண்டிருப்பது? புதுவை அரசுக்குச் சொந்த அச்சகம் இருக்கிறது. அங்கே அச்சிடலாம். நூல்நிலையங்களை நடத்துவது கலை பண்பாட்டுத் துறை. அந்தத் துறை வாங்கி, வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகிய 5 கொம்யூன்களிலும் உள்ள கிளை நூல்நிலையங்களுக்கு அனுப்பலாம். நூல்நிலையம் இல்லாத ஊரில் அரசுப் பள்ளியில் வைக்கலாம். தொழிற்பேட்டைக் கம்பெனிகள் கழித்துப் போடும் கம்ப்யூட்டரில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தால் காரியம் முடிந்தது.

முதலில் சேதராப்பட்டில் தொடங்கலாம். தொழிற்பேட்டை உள்ள ஊர். கம்ப்யூட்டர் கேட்டு வாங்குவது சுலபம்.

வைக்கும் போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தைக் கண்ணாடிப் பீரோவில் போட்டுப் பூட்டிச் சாவியை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. மேஜை மேல் இருக்க வேண்டும். அழுக்கு ஆகட்டும், கிழியட்டும், அடுத்த பதிப்பு வரும். அடுத்தது நேரம். காலை ஷிப்டு முடித்து வருகிறவர் உண்டு. பகலில் வீட்டு வேலை முடித்து விட்டு வருகிற பெண்கள் உண்டு. மாலை 5 மணிக்குக் கதவைச் சாத்தி விட்டால் யார் வந்து பார்ப்பது? 8 மணி வரையிலாவது விளக்கு எரிய வேண்டும்.